தண்ணிப் பொட்டிக்கு வந்த காய்ச்சல்

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லிக்கலாம். உண்மைக் காரணம் சோம்பேறித்தனம்தான். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார வெச்சது ஒரு குற்ற உணர்ச்சி. 2022 பொங்கல் சமயத்துல நான் சொன்ன ஒரு யோசனை, 2025 மே மாசக் கடைசியில என் சித்தி பையன் தலையில வந்து விடிஞ்சுது. அந்தக் கதையையும், அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்ட அபிப்பிராயத்தையும் எழுதி வெச்சுட்டா எனக்கும் பாரம் குறையும். உங்கள்ல நாலு பேருக்காவது காசு மிச்சமாகும்.

பையன் திருச்சி உறையூர்ல கல்யாண வீடியோ எடிட் பண்றான். சொந்தமா ஸ்டூடியோவெல்லாம் கிடையாது. வீட்டு மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு ரூம், ரெண்டு மானிட்டர், ஒரு ஃபேன். போட்டோகிராபர்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொண்டு வந்து கொடுப்பாங்க, இவன் வெட்டி ஒட்டி, கலர் பண்ணி, பாட்டு சேர்த்துக் கொடுப்பான். அந்தப் பொட்டி நின்னா அவன் வீட்டுல உலையும் நிக்கும். சித்தப்பா இல்லாத வீடு. இதுக்கு மேல விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன்.

2022-ல புதுப் பொட்டி வாங்கறப்ப என்னைத்தான் கேட்டான். இன்டெல் 12-வது தலைமுறை, ஐ7-12700கே. அது வரைக்கும் சரி. "கூலர் என்ன போடலாம்ணே?"ன்னு கேட்டப்ப, நான் ஒரு நொடி கூட யோசிக்காம, "லிக்விட் கூலிங் போட்டுடுடா, உங்க ஊர் வெயிலுக்கு அதான் தாங்கும்"னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? யூட்யூப்ல பார்த்தது, தண்ணின்னா குளிர்ச்சிங்கற பொதுப்புத்தி, அப்புறம் உண்மையைச் சொல்லணும்னா, பார்க்க அழகா இருக்கும்ங்கற ஆசை. 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், மூணு ஃபேன், ஃபேனுக்குள்ள வானவில். காத்துல குளிர்விக்கிற கூலரை விட பத்தாயிரம் ரூபாய் கூட. கடன் வாங்கித்தான் போட்டான்.

மூணு வருஷம் ஒரு குறையும் இல்ல. போன வருஷம் வைகாசி முகூர்த்தம் ஆரம்பிச்ச கையோட போன் வந்தது.

"அண்ணே, பொட்டி நெருப்பா இருக்குண்ணே. 38 நிமிஷத்துல முடியற வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது. நடுவுல பட்டுனு அணைஞ்சு வேற போயிடுது. கடைக்காரர் வந்து பார்த்துட்டு பிராசசர் போயிருச்சு, போர்டும் சேர்த்து மாத்தணும், 55 ஆயிரம் ஆகும்ங்கறார். நாலு கல்யாணம் கையில இருக்கு."

55 ஆயிரம்! அன்னிக்கு ராத்திரியே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிச்சேன்.

கதையைத் தொடரும் முன்னாடி ஒரு விஷயத்தை உடைச்சுப் பேசிடறேன். லிக்விட் கூலர்ங்கற பேர்லயே ஒரு ஏமாத்து இருக்கு. தண்ணி எதையும் குளிர்விக்கிறதில்ல. அது சுமைகூலி. பிராசசர் தலையில உக்கார்ற செம்புத் தட்டுல சூட்டை ஏத்திக்கிட்டு, ரப்பர் குழாய் வழியா நடந்து போய், ரேடியேட்டர்ல இறக்கி வைக்குது. அங்கே அந்தச் சூட்டை வெளியே தள்றது யாரு? அதே பழைய ஃபேனும் அதே பழைய காத்தும்தான். ரூம்ல 36 டிகிரி இருந்தா, அந்தத் தண்ணி எந்தக் காலத்துலயும் 36-க்குக் கீழே போகாது. மண்பானைத் தண்ணி ஜில்லுனு ஆகுதேன்னு கேப்பீங்க. பானையில தண்ணி கசிஞ்சு ஆவியாப் போகுது, போறப்ப சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. இந்தக் கூலர் சீல் வெச்ச சாமான். ஆவியாக வழியில்ல. அப்படியும் ரப்பர் வழியா வருஷக்கணக்குல சொட்டுச் சொட்டா ஆவி வெளியேறத்தான் செய்யும். ஆனா அது குளிர்ச்சிக்கு உதவாது, உபத்திரவத்துக்குத்தான் உதவும். அங்கே பின்னால வரேன்.

தண்ணியில பொட்டியைக் குளிப்பாட்டற ஆசை புதுசும் இல்ல. 1985-ல வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரோட சர்க்யூட்டுகளை ஃப்ளூரினெர்ட்னு ஒரு திரவத்துக்குள்ளயே முக்கி வெச்சிருந்தாங்க. 2004-ல ஆப்பிள் பவர் மேக் ஜி5-ல தண்ணிக் கூலிங் போட்டாங்க. அதுல சிலது பிற்காலத்துல ஒழுகி, உள்ளே இருந்ததையெல்லாம் அரிச்ச கதை பிரசித்தம். அப்புறம் டென்மார்க் கம்பெனி அசெடெக் மாதிரி ஆளுங்க பம்பையும் செம்புத் தட்டையும் ஒரே டப்பாவுக்குள்ள அடக்கி, "பொருத்து, மறந்துடு"ன்னு விக்க ஆரம்பிச்ச பிறகுதான் இது வீட்டுக்கு வீடு வந்தது. பொருத்தறதுல தப்பில்ல. மறக்கறதுலதான் வினை.

சரி, உறையூருக்கு வருவோம்.

காலையில போய்ச் சேர்ந்ததும் சித்தி காபி கொடுத்தாங்க. குடிச்சுட்டு நேரா மாடி. அப்பவே ரூம்ல 34 டிகிரி, மத்தியானம் 36-ஐத் தாண்டிடும். சுவர்ல ஒரு சாதாரண தெர்மாமீட்டர் மாட்டினதுதான் நான் செஞ்ச முதல் வேலை. சிரிக்காதீங்க. நெட்ல பாதிப் பேர் "என் பிராசசர் 85 டிகிரி, பயமா இருக்கு"ன்னு எழுதறாங்க, ரூம் எவ்வளவு சூடுன்னு சொல்றதே இல்ல. குளிர்ல நடுங்கற ஊர்க்காரன் 65 காட்டறதும், வைகாசியில உறையூர்க்காரன் 82 காட்டறதும் ஏறக்குறைய ஒரே ஆரோக்கியம்தான். ரூம் சூட்டைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாருங்க. அதுதான் கூலரோட மார்க்.

ரெண்டாவது, ஹெச்.டபிள்யூ இன்ஃபோ ப்ரோகிராமை ஓட விட்டேன். எல்லாரும் டிகிரியை மட்டும் பார்ப்பாங்க. நான் வாட்டையும் சேர்த்துப் பார்த்தேன், அதுலதான் முதல் துப்பு கிடைச்சது. சும்மா இருக்கறப்பவே 58 டிகிரி. சினிபெஞ்ச் ஓட விட்டதும் எட்டே விநாடியில 100. அங்கேயே நின்னுடுச்சு. மணிக்கூண்டு மாதிரி அசையல. ஆனா வாட்? வெறும் 60. வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ்லேருந்து 2.8-க்குச் சறுக்கிடுச்சு.

இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். 12700கே 190 வாட் வரைக்கும் தின்னலாம்னு இன்டெல்லே சொல்லியிருக்கு. 190 வாட் தின்னுக்கிட்டு 100 டிகிரி காட்டினா, அது அதிகமா சாப்பிட்டவனுக்கு வர்ற புழுக்கம். 60 வாட்டுக்கே 100 காட்டினா, அது காய்ச்சல். எண் ஒண்ணுதான், நோய் வேற வேற. கடைக்காரர் 100-ஐ மட்டும் பார்த்துட்டு பிராசசருக்கு எமன் ஓலை எழுதிட்டார். பாவம் பிராசசர், அது தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சு உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது.

இந்தத் தற்காப்பு ரொம்ப நாளாவே இருக்கு. 2001-ல டாம்ஸ் ஹார்டுவேர்காரங்க ஒரு வீடியோ போட்டாங்க, பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓடிக்கிட்டிருக்கற பொட்டியிலேருந்து ஹீட்சிங்கைக் கழட்டினாங்க. பென்டியம் 4 மூச்சு வாங்கிக்கிட்டு மெதுவா ஓடிச்சு. ஏ.எம்.டி. அத்லான் புகைஞ்சு செத்துப் போச்சு. இன்னிக்கு ரெண்டு கம்பெனியும் பாடம் படிச்சாச்சு. 2022-ல வந்த ரைசன் 7000 வரிசையில, முழு வேலை பார்க்கறப்ப 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே ஓடறது எங்க வடிவமைப்புதான்னு ஏ.எம்.டி.யே சொல்லிடுச்சு. அதனால 95-ஐப் பார்த்ததும் பதறாதீங்க. அந்த 95-ல எத்தனை வாட், என்ன வேகம்னு பாருங்க.

மூணாவது துப்பு, நேரம். எட்டு விநாடியில 100 போச்சுன்னு சொன்னேன் இல்லையா? ஒரு லிக்விட் கூலருக்குள்ள கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய திரவம் இருக்கும்னு வைங்க. தண்ணி சீக்கிரம் சூடாகாத வஸ்து. 150 வாட்டை அதுல ஏத்தினா, ஃபேனே ஓடாட்டாலும் ஒரு டிகிரி ஏற ஏழெட்டு விநாடி ஆகும். ஆக ரேடியேட்டர்ல தூசி அடைச்சிருந்தாலோ, ஃபேன் நின்னிருந்தாலோ, சூடு மெல்ல மெல்லத்தான் ஏறும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் கழிச்சுத்தான் உச்சத்தைத் தொடும். சட்டுனு எகிறினா கோளாறு ரேடியேட்டர்ல இல்ல, பிராசசர் பக்கத்துலயேதான். ஒண்ணு செம்புத் தட்டு சரியா உக்காரல, இல்லை பேஸ்ட் காய்ஞ்சு போச்சு, இல்லை தண்ணி நகரல. (புதுப் பொட்டின்னா நாலாவது ஒண்ணும் இருக்கு. தட்டு மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் காகிதத்தை உரிக்காமலே மாட்டியிருப்பாங்க. நான் 2011-ல செஞ்சேன். வெளியே சொல்லாதீங்க.)

கேபினெட்டோட பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழட்டியும் பார்த்தேன். அது சும்மா ஒரு நிமிஷ சோதனை. கழட்டினதும் பத்து டிகிரி இறங்கினா, கேபினெட்டுக்குக் காத்து போதலன்னு அர்த்தம். இங்கே ஒண்ணும் இறங்கல.

அப்புறம் பயாஸுக்குள்ள போனேன். போர்டுக்காரங்க பவர் லிமிட்டைத் திறந்து விட்டிருந்தாங்க. 4095 வாட்னு எண் போட்டிருந்தது, அதாவது வரம்பே இல்லைன்னு அர்த்தம். மாயாபஜார் படத்துல வர்ற கல்யாணச் சாப்பாடு மாதிரி எவ்வளவு வேணாலும் சாப்பிடுன்னு விட்டுடறாங்க, பெஞ்ச்மார்க்ல நம்பர் அதிகம் வரணும்னு. 13, 14-வது தலைமுறை சில்லுகள்ல பிரச்சினை கிளம்பின பிறகு, 2024-ல இன்டெல்லே போர்டு கம்பெனிகளைக் கூப்பிட்டு "நாங்க சொன்ன அளவையே வைங்கப்பா"ன்னு கேட்டுக்க வேண்டி வந்தது. நான் 125 வாட்னு கட்டிப் போட்டேன். அதனால அப்போதைக்குப் பலன் எதுவும் இல்ல. 60-ஐயே தாண்ட முடியாத பொட்டிக்கு 125 வரம்பு எதுக்கு? ஆனா பின்னால உதவிச்சு.

அடுத்தது பேஸ்ட். கூலரைக் கழட்டினேன். மூணு வருஷப் பேஸ்ட் நடுவுல காய்ஞ்சு, ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. ஆஹா, கள்ளன் சிக்கிட்டான்னு ஒரு குதி. மெடிக்கல் ஷாப்ல ஸ்பிரிட் வாங்கி வந்து தொடைச்சு, புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு வெச்சு, திருகாணியை எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி முறுக்கி, பொட்டியைப் போட்டா... 125 வாட்ல 88 டிகிரி! தம்பி முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். சித்தி சாயங்காலம் கேசரி கிண்டினாங்க. நான் ஏதோ ஆபரேஷன் முடிச்ச டாக்டர் மாதிரி சாய்ஞ்சு உக்காந்து, கடைக்காரருக்கு ஒண்ணும் தெரியலன்னு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சேன்.

மறுநாள் காலையில 100 டிகிரி. 62 வாட்.

அவ்வ்வ்வ்.

தப்பு எங்கே நடந்துச்சுன்னு அப்புறமாத்தான் புரிஞ்சது. பேஸ்ட் மாத்தறப்ப கூலரைக் கழட்டி, திருப்பி, கவுத்து, குலுக்கியிருக்கேன். ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டு, புகழை பேஸ்டுக்குக் கொடுத்துட்டேன். உண்மையில சூட்டைக் குறைச்சது பேஸ்ட் இல்ல, குலுக்கல்.

மறுநாள் கேசரி போதையெல்லாம் தெளிஞ்சு, செய்ய வேண்டியதை அப்பத்தான் செஞ்சேன். ரெண்டு குழாயையும் ரெண்டு கையால தொட்டுப் பார்த்தேன். இதுக்கு மீட்டரும் வேண்டாம், சாஃப்ட்வேரும் வேண்டாம். ஒரு குழாய் கையை வெச்சு எடுக்கற அளவுக்குச் சூடு. இன்னொண்ணு சும்மா வெதுவெதுப்பு. ரேடியேட்டர் கிட்டத்தட்ட ரூம் சூடுதான்.

தண்ணி நல்லா ஓடினா ரெண்டு குழாய்க்கும் வித்தியாசமே தெரியாது. கணக்குப் போட்டே பாருங்க. நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடுதுன்னு வெச்சுக்கிட்டா, 150 வாட்டை ஏத்தினாலும் போற தண்ணிக்கும் வர்ற தண்ணிக்கும் ரெண்டு டிகிரிதான் வித்தியாசம் வரும். கைக்கு ரெண்டு டிகிரி தெரியுமா? ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு குளிருதுன்னா தண்ணி நகரவே இல்லைன்னு அர்த்தம்.

"ஆனா பம்பு 2800 சுத்துதுன்னு காட்டுதேண்ணே?"ன்னான் தம்பி. நியாயமான கேள்வி. நானும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முதல் நாள் பம்பை சந்தேக லிஸ்ட்லேருந்து எடுத்திருந்தேன். சித்தி வாசல்படியில நின்னுக்கிட்டு, "நம்ம வீட்டு மோட்டாரும் ஏர் புடிச்சா இப்படித்தான்டா, சத்தம் மட்டும் வரும், தண்ணி வராது"ன்னாங்க.

சித்தியே, தெய்வமே!

அதேதான். சுத்தறது வேற, தள்ளறது வேற. கீழே குனிஞ்சு பார்த்தேன். ரேடியேட்டரை கேபினெட்டோட அடித்தளத்துல மாட்டியிருந்தாங்க. மூணு ஃபேனும் கண்ணாடி வழியா வரிசையா மின்னணும், பார்க்க ஷோவா இருக்கணும்னு. பம்பு எங்கே? பிராசசர் மேல. அதாவது, மொத்த ஏற்பாட்டுலயே உச்சியில. காத்து எங்கே போய் நிக்கும்? உச்சியில. ரப்பர் குழாய் வழியா வருஷம் வருஷமா திரவம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போக, அந்த இடத்தைக் காத்து பிடிச்சு, அவ்வளவும் மேல ஏறி பம்புக்குள்ள குடித்தனம் பண்ணிட்டு இருந்திருக்கு. 2020-லயே கேமர்ஸ் நெக்ஸஸ் ஸ்டீவ் பர்க் இதையே ஒரு முழு வீடியோவா போட்டு, ரேடியேட்டரோட ஏதாவது ஒரு பகுதியாவது பம்பை விட உயரமா இருக்கணும்டான்னு தலையில அடிச்சுக்கிட்டார். அப்ப நான் பார்த்தேன். ரசிச்சேன். 2022-ல தம்பி பொட்டி போட்டோ அனுப்பினப்ப "சூப்பர்டா"ன்னு பதில் போட்டேன். அந்த போட்டோவுல ரேடியேட்டர் கீழதான் இருந்தது. குற்ற உணர்ச்சின்னு ஆரம்பத்துல சொன்னது இதைத்தான்.

நிரூபிக்கணுமே. பொட்டி ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ரெண்டு பேருமா பிடிச்சு மெதுவா சாய்ச்சோம். உள்ளே கொளகொளன்னு ஒரு சத்தம், வயித்துல வாயு ஓடற மாதிரி. எண் 100-லேருந்து சரசரன்னு இறங்கி 89. வாட் 125. நிமிர்த்தி வெச்சோம். பத்து நிமிஷத்துல மறுபடி காய்ச்சல்.

இனி பிராசசருக்கு ஆயுசு கெட்டி, 55 ஆயிரம் தப்பிச்சது. ஆனா நாலு கல்யாணம்? கூலருக்கு மூணு வருஷ வாரண்டி, ஏற்கனவே முடிஞ்சு போச்சு. ரேடியேட்டரை மேல மாத்தலாம்னா, இந்தக் கேபினெட் கூரையில 240-க்குத்தான் இடம், இது 360. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கே வகை பிராசசரோட டப்பாவுல கூலரும் வராது, தற்காலிகமா மாட்டறதுக்கு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு கல்யாண வீடியோ போயாகணும், பொண்ணு வெளிநாடு கிளம்புது.

செங்கல் கொண்டு வாடான்னேன்.

மாடியில கிடந்த நாலு செங்கல்லை எடுத்து, ஈரத்துணியால தொடைச்சு, பொட்டியைத் தலைகீழாக் கவுத்து அது மேல நிக்க வெச்சோம். கூரை ஃபேனுக்குக் காத்து போக செங்கலுக்கு நடுவுல சந்து. இப்ப ரேடியேட்டர் மேல, பம்பு கீழ. பவர் சப்ளை பட்டன் உச்சந்தலையில. வானவில் லைட்டெல்லாம் தலைகீழா ஓடுது. பார்க்க சிரசாசனம் பண்ற ரோபோ மாதிரி இருந்தது. ஆனா ஓடிச்சு சார்! ஞாயிறு மத்தியானத்துலேருந்து திங்கள் மத்தியானம் வரை, 125 வாட், 89-90 டிகிரி, ஒரு தடவை கூட அணையல. கல்யாணப் பொண்ணுக்கு இந்த ஜென்மத்துல தெரியாது, தன்னோட தாலி கட்டற சீன் தலைகீழ் பொட்டியிலதான் ரெண்டர் ஆச்சுன்னு. :-)

திங்கட்கிழமை சிங்காரத்தோப்புப் பக்கம் போய் ரெண்டு அடுக்கு, ஆறு ஹீட்பைப், ரெண்டு ஃபேன் வெச்ச காத்துக் கூலர் ஒண்ணு வாங்கினோம். நாலாயிரத்துச் சொச்சம். வாங்கறதுக்கு முன்னாடி கேபினெட்ல எவ்வளவு உயரத்துக்கு இடம் இருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளந்துட்டுப் போனோம். அதுல கோட்டை விட்டா கண்ணாடியை மூட முடியாது. மாட்டி முடிச்சு, ரூம் 36 டிகிரியில, 125 வாட்ல அரை மணி நேரம் ஓட்டினா 82. புதுசுல அந்தத் தண்ணிக் கூலர் இதே வேலைக்கு 70 பக்கம் காட்டியிருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா 70-ல ஓடினாலும் 82-ல ஓடினாலும் வேகம் ஒண்ணுதானே? முன்னே வரம்பில்லாம ஓடினப்ப 38 நிமிஷம் ஆன அந்த வேலை இப்ப 43 நிமிஷம். அஞ்சு நிமிஷத்துல ஒரு டீ குடிக்கலாம்.

இப்ப என் அபிப்பிராயத்தைச் சொல்லிடறேன். சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

வீட்டுல பொட்டி வெச்சு பிழைப்பு நடத்தறவனுக்கு லிக்விட் கூலர் வேண்டாம். அது குளிர்விக்காதுன்னு நான் சொல்ல வரல, நல்லாவே குளிர்விக்கும். அது சாகிற விதம்தான் எனக்குப் பிடிக்கல. காத்துக் கூலர்ல கெட்டுப் போறதுக்கு இருக்கறது ஒரு ஃபேன். அது நின்னா கண்ணுக்குத் தெரியும். ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு எந்த ஊர்லயும் இன்னொண்ணு கிடைக்கும். கிடைக்கற வரை டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சுக்கூட ஓட்டலாம். மிச்சமெல்லாம் செம்பும் அலுமினியமும், பேரன் காலம் வரைக்கும் வரும். தண்ணிக் கூலர்ல பம்பு, ரப்பர், திரவம், மூணும் வயசாகிற சாமான்கள். மூணும் சீல் வெச்ச டப்பாவுக்குள்ள. எது கெட்டாலும் மொத்தமாத் தூக்கிப் போடணும். போடறதுக்கு முன்னாடி, உன் பிராசசர்தான் போயிருச்சுன்னு ஒருத்தர் 55 ஆயிரம் கேப்பார். அவர் மேல எனக்குக் கோபம் கூட இல்ல. குழாயைத் தொட்டுப் பார்க்கணும்னு எனக்கே ரெண்டாவது நாள்தானே தோணிச்சு?

லிக்விட் கூலர் யாருக்கு வேணும்? ஐ9-14900கே மாதிரி 253 வாட் தின்கிற சில்லை வெச்சுக்கிட்டு, அதை முழுசா ஓட்டியே ஆகணும்ங்கறவங்களுக்கு. பெரிய காத்துக் கூலர் நுழையாத குட்டிக் கேபினெட்காரங்களுக்கு. பொட்டியை அடிக்கடி ஊர் விட்டு ஊர் தூக்கிட்டுப் போறவங்களுக்கும் கூட, ஒரு கிலோ இரும்பு போர்டுல தொங்கற பயம் இல்ல. அழகுக்காக வாங்கறவங்களையும் நான் தடுக்கல, அது அவங்கவங்க ஆசை. ஏற்கனவே வாங்கியாச்சுன்னா ரேடியேட்டரைக் கூரையில மாட்டச் சொல்லுங்க. பம்பு வயரை எந்தச் சொருகியில போட்டிருக்காங்கன்னு பாருங்க. ஃபேன் மாதிரி சூட்டுக்குத் தகுந்து வேகம் மாறாம, எப்பவும் முழு வேகத்துல ஓடற மாதிரி பயாஸ்ல வைங்க. ரேடியேட்டர் தூசியை மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரஷ் வெச்சு எடுங்க. வாங்கின புதுசுலயே, ரூம் சூடு எவ்வளவு, எத்தனை வாட்டுக்கு எத்தனை டிகிரின்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு சந்தேகம் வர்றப்ப ஒப்பிட ஒரு எண் வேணுமே. எங்க கிட்ட அது இல்ல. நினைவை வெச்சுத்தான் தடவிட்டு இருந்தோம்.

பவர் லிமிட் விஷயம் எல்லாருக்கும் பொருந்தும், கூலர் எதுவானாலும். கடைசி 65 வாட்டுக்குக் கிடைச்சது அந்த அஞ்சு நிமிஷம்தான். ஆஸ்பெஸ்டாஸ் ரூம்ல அந்த 65 வாட், ஒரு பழைய குண்டு பல்பு கூடவே எரியற மாதிரி. கரண்டு பில்லும் நம்மதுதான், வேர்வையும் நம்மதுதான்.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு அந்தப் பழைய கூலரைச் சும்மா தூக்கிப் போட மனசில்ல. கொல்லைப்பக்கம் கொண்டு போய், குழாயை அறுத்து, ஒரு டம்ளர்ல வடிச்சோம். மொத்தமும் வந்து முக்கால் டம்ளர் கூட நிரம்பல. பம்புத் தலையைத் திருகாணி எடுத்துப் பிரிச்சா, செம்புத் தட்டுல தலைமுடி கனத்துக்கு வரிவரியா வெட்டியிருக்கற சந்துகள்ல பச்சையா ஒரு களிம்பு, பாசி மாதிரி அப்பியிருந்தது. செம்புத் தட்டு, அலுமினிய ரேடியேட்டர், நடுவுல திரவம். திரவத்துல கலந்திருக்கற அரிமானத் தடுப்பு மருந்து தீர்ந்தா இப்படித்தான் ஆகும். குலுக்கினாலும் கவுத்தாலும் 89-க்குக் கீழ இறங்காததுக்குக் காரணம் அப்பத்தான் புரிஞ்சது. காத்து பாதி, களிம்பு பாதி. தலைகீழா இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா அதுவும் முழுசா அடைச்சிருக்கும்.

சித்தி அந்தச் செம்புத் தட்டை வாங்கி, புளி போட்டுத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி, எதுக்காச்சும் ஆகும்னு அடுக்களை ஷெல்ஃப்ல வெச்சுட்டாங்க. தம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டு வந்து விட்டான். வழி நெடுக ஒண்ணும் பேசல. பஸ்ல ஏறி ஜன்னலோரம் உக்காந்ததும் கிட்ட வந்து, கொஞ்சம் தயங்கி, மெதுவாக் கேட்டான்:

"அண்ணே, அந்தப் பழைய ஃபேன்ல இருந்த லைட்டை மட்டும் தனியாக் கழட்டி இதுல மாட்ட முடியுமாண்ணே? கஸ்டமர் வந்தா பார்க்கறதுக்கு நல்லாருக்கும்."